உங்களுக்குத் தெரியுமா? வறுவல் சிவக்க ஈரம் போகணும்!
ராத்திரி ரசம் சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் போட்டால் சிவக்காமல் குழைந்துபோகிறதா? ஈரம்தான் காரணம். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஈரம் வற்றும்வரை காயின் மேற்பரப்பு அந்தச் சூட்டைத் தாண்டாது. பொன்னிறமும் மணமும் தரும் வேதிவினை வேகம் பிடிப்பதோ சுமார் 140 டிகிரிக்கு மேல்தான். அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து நடக்கும் இந்த வினையை 1912-இல் விவரித்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீ மயார்.

நறுக்கிய துண்டுகளைத் துணியில் ஒற்றி, அகலமான இரும்பு வாணலியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். மூடாதீர்கள், ஆவி திரும்பக் காய்மேலேயே சொட்டும். அடிப்பக்கம் சிவந்து, வாணலியை விட்டுத் தானே கழன்று வரும்போது புரட்டினால் போதும். இன்னொன்று: உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம். குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறி, உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும்.