சாவி சொல்லும் எண்

ஓடும் எந்திரம் – 23

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விடிவதற்குள் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணா நகரில் ராணுவத்தினர் படகில் வந்து மக்களை மீட்டார்கள். தாழ்வான தெருக்களில் நிறுத்தியிருந்த கார்கள் பானெட் வரை தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் வண்டிகள் ஒர்க் ஷாப்புகளுக்கு வந்து குவிந்தன. இன்ஜின் போயிருக்கும், சீட் நாறும் என்று வண்டிக்காரர்கள் ஓரளவு எதிர்பார்த்திருந்தார்கள். எதிர்பாராமல் வந்து சேர்ந்தது கதவுத் தொல்லை. ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவு பூட்டும், நாலாவது அசையாது. சில வண்டிகளில், சாவி வீட்டுக்குள் இருக்கும்போதே வாசலில் பூட்டு டக் டக்கென்று தானாக அடித்துக்கொண்டது.

சென்ற வாரம் பவர் விண்டோவைப் பார்த்தோம். அதே கதவுக்குள் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் சென்ட்ரல் லாக்கையும், பையிலிருந்து சாவியை எடுக்காமலே கதவு திறக்கும் கீலெஸ் ஏற்பாட்டையும் இந்த வாரம் பார்ப்போம். கடலோர ஊரில் கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கைச்சாவியாக இருந்த பூட்டு முதலில் மின்சாரத்துக்கும் பிறகு ரேடியோ அலைக்கும் கைமாறியது. அது வந்த வழி தெரிந்தால்தான், எந்த இடத்தில் கெடும், எந்த இடத்தில் திருடன் நுழைவான் என்பது பிடிபடும்.

குருசுக்குப்பத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் டிரைவர் பக்கக் கதவின் டோர் பேடைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே கறுப்புப் பசை போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் தாள். அதை உரித்தால் கண்ணாடி ஏறி இறங்கும் தடம், அதன் மோட்டார், ஒயர்க் கொத்து. கதவின் பின் விளிம்பில், கைக்குள் அடங்கும் அளவில் ஓர் இரும்புப் பொருள் இருந்தது. அதுதான் லாட்ச். கதவை அறைந்து சாத்தும்போது, தூணில் பதித்திருக்கும் வளைந்த இரும்புக் கம்பியை லாட்ச்சின் கொக்கி கவ்விக்கொள்கிறது. கதவைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கவ்வல் மட்டுமே. பூட்டியிருந்தாலும் பூட்டாவிட்டாலும் அது ஒன்றுபோலத்தான் கவ்வும்.

அப்படியானால் பூட்டுவது என்றால் என்ன? வெளிக் கைப்பிடிக்கும் லாட்ச்சுக்கும் இடையிலுள்ள தொடர்பைத் துண்டிப்பது. பூட்டிய காரின் கைப்பிடியை இழுத்தால் அது லொடலொடவென்று வரும். அந்த இழுப்பு கொக்கிவரை போய்ச் சேராது. தொடர்பை இணைக்கவும் விலக்கவும் ஒரு சின்ன நெம்புகோல் போதும். பழைய கார்களில் கண்ணாடியோரம் நின்ற குமிழை விரலால் அழுத்தி அந்த நெம்புகோலைத் தள்ளினோம். சென்ட்ரல் லாக்கில் ஒரு குட்டி மோட்டார் தள்ளுகிறது. ஆக்சுவேட்டர் என்று கடையில் கேட்டு வாங்குவது அதைத்தான். 12 வோல்ட் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் மோட்டார் முன்னே சுழன்று பூட்டும். பிளஸ், மைனஸ் இடம் மாறினால் பின்னே சுழன்று திறக்கும். எல்லாம் அரை நொடிக்குள் முடிந்துவிடும்.

மாருதி 800 போன்ற வண்டிகளுக்கு ஆக்சசரீஸ் கடையில் சென்ட்ரல் லாக் கிட் வாங்கி மாட்டிய தலைமுறைக்கு இது பழகிய சங்கதி. டிரைவர் கதவுக்கான ஆக்சுவேட்டரில் ஐந்து ஒயர் இருக்கும், மற்ற மூன்றிலும் இரண்டிரண்டு. மற்ற மூன்றும் சொன்னதைச் செய்பவை, அவற்றுக்கு மோட்டாரின் இரண்டு ஒயர் போதும். டிரைவர் கதவில் கூடுதலாக மூன்று ஒயர் ஒரு சுவிட்சுக்குப் போகும். அங்கே சாவி திரும்பியதை அந்த சுவிட்ச்தான் மற்றவற்றுக்குச் சொல்கிறது. இன்றைய கார்களில் மோட்டாரும் சுவிட்சும் லாட்ச்சுக்குள்ளேயே அடைபட்டு ஒரே துண்டாக வருகின்றன. உத்தரவு போடுவது பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற கணினிப் பெட்டி. எந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லை, வண்டி என்ன வேகத்தில் போகிறது, ஏர்பேக் வெடித்ததா என்ற தகவல் எல்லாம் அதனிடம் வரும். ஓட ஆரம்பித்ததும் கதவுகள் தாமே பூட்டிக்கொள்வதும், விபத்தில் ஏர்பேக் வெடித்தால் பல கார்களில் கதவுகள் விடுபடுவதும் அதன் வேலை.

"சார், லாக் போச்சுன்னுதான் வர்றாங்க. லாக்குல ஒண்ணுமே இருக்காது, ஒயர்தான் அறுந்திருக்கும்," என்றார் அங்கிருந்த எலக்ட்ரீஷியன். கதவைத் திறந்து கீல் இருக்கும் பக்கம் பாருங்கள். உடலிலிருந்து கதவுக்குள் நுழையும் ரப்பர்க் குழாய் ஒன்று தெரியும். அந்தக் கதவின் ஒயர்கள் அத்தனையும் அதன் வழியாகத்தான் போகின்றன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை மடங்கி நிமிர்கின்றன. ஆண்டுக்கணக்கில் மடங்கிய செம்பு ஒரு நாள் முறியும். ரப்பரில் வெடிப்பு விழுந்தால் உப்புக்காற்று உள்ளே புகுந்து அந்த நாளை முன்கூட்டியே கொண்டுவந்துவிடும். அவர் ரப்பரைப் பின்னுக்குத் தள்ளிக் காட்டினார். ஒயரின் மேல்தோல் நன்றாகவே இருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகியிருந்தது.

கதவுக்குள் தண்ணீரே போகாது என்று பலர் நம்புகிறார்கள். கண்ணாடியோரப் பீடிங்கைத் தாண்டி மழைநீர் ஒவ்வொரு மழைக்கும் உள்ளே போகத்தான் செய்கிறது. அது வெளியேறுவதற்காகவே கதவின் அடி விளிம்பில் துளைகள் விட்டிருக்கிறார்கள். கடற்கரை மணலும் சருகும் அந்தத் துளைகளை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும்; அடித்தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வாட்டர் சர்வீஸ் விடும்போது அந்தத் துளைகளைக் குத்திவிடச் சொல்லிக் கேளுங்கள். காசு கூடுதலாக ஆகாத வேலை.

இனி ரிமோட். தூரத்தில் நின்று காரைத் திறக்கும் ஏற்பாடு முதலில் விற்பனைக்கு வந்தது பிரெஞ்சுக்காரர்களின் காரில். நீமான் என்ற பூட்டு நிறுவனத்தில் இருந்த பால் லிப்ஷுட்ஸ் கண்டுபிடித்ததை ரெனோ நிறுவனம் 1982 இறுதியில் தன் ஃபுயேகோ காரில் கொடுத்தது. அதே ரெனோவின் கார்கள் இன்று நமக்கு வடக்கே ஒரகடத்தில் உருவாகின்றன. ஃபுயேகோவின் ரிமோட் டிவி ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியில் இயங்கியது; காரை நோக்கிக் குறிவைத்துத்தான் அழுத்த வேண்டும். பிறகு ரேடியோ அலை வந்தது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கார் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. குறிபார்க்க வேண்டாம், சுவர் மறைத்தாலும் போய்ச் சேரும். ஆனால் காற்றில் போகும் ரேடியோவை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ரிமோட் தினமும் ஒரே எண்ணைச் சொன்னால், ஒருவன் மறைந்திருந்து பதிவு செய்து நாளைக்கு அதையே ஒலிபரப்பிக் கதவைத் திறந்துவிடுவான். ஆரம்பகால ரிமோட்டுகளில் இந்த ஓட்டை இருந்தது.

அதை அடைத்தது மாறும் எண் முறை. இதில் பெரிதும் பரவியது கீலாக். 1980களில் தென்னாப்பிரிக்கப் பொறியாளர்கள் வில்லெம் ஸ்மிட், கிடியோன் கூன் உருவாக்கிய அதை 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் விலைக்கு வாங்கியது. நம் வீட்டு நாள்காட்டி மாதிரி இதை நினைத்துக்கொள்ளலாம். சாவியிடமும் காரிடமும் ஒரே நாள்காட்டி இருக்கிறது. ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் சாவி ஒரு தாளைக் கிழித்து, அதிலுள்ள எண்ணை ரகசிய எண்ணால் குழப்பி அனுப்புகிறது. கார் அதைப் பிரித்துப் பார்க்கிறது. ஏற்கெனவே கிழித்த தாள் என்றால் ஏற்காது. அடுத்த தாள் என்றால் திறக்கும். திருடன் பதிவு செய்தது கிழித்த தாள், அதனால் அவனுக்குப் பயன்படாது.

குழந்தை சாவியை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா அழுத்தி விளையாடினால்? சாவி முன்னே போய்விடும், கார் பின்தங்கும். அதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள். கீலாக்கின் வழக்கமான அமைப்பில் 16 தாள்வரை முன்னே போயிருந்தாலும் கார் உடனே திறக்கும். அதற்கு மேல் போயிருந்தால் அடுத்தடுத்து இரண்டு எண் கேட்டு, இரண்டும் வரிசையாக வந்தால் ஒப்புக்கொள்ளும். முதல் அழுத்தலுக்குத் திறக்காத கார் இரண்டாவதுக்குத் திறப்பதற்கு இது ஒரு காரணம். எல்லா நேரமும் செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இந்த முறையும் உடைந்தது. ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கீலாக் சிப் வேலை செய்யும்போது இழுக்கும் மின்சாரத்தின் நுட்பமான ஏற்ற இறக்கத்தை அளந்தே உள்ளிருக்கும் ரகசிய எண்ணை எடுத்துக்காட்டினார்கள். 2008-இல் அதை வெளியிட்டார்கள். 2015-இல் அமெரிக்கர் சாமி கம்கார் வேறு வழி காட்டினார். நாம் அழுத்தும் எண் காருக்குப் போகாமல் அலையைக் குழப்பி, அந்த எண்ணை மட்டும் பிடித்து வைக்கும் கருவி அது. கார் திறக்கவில்லையே என்று நாம் மறுபடி அழுத்துவோம். இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு, முதல் எண்ணைக் காருக்கு விடுவார்கள். கார் திறக்கும், நமக்குச் சந்தேகம் வராது. கிழிக்காத தாள் ஒன்று அவர்கள் கையில் இருக்கும். கதவு திறந்தாலும் வண்டியைக் கிளப்ப முடியாது என்பது ஓர் ஆறுதல். அதற்கு இம்மொபிலைசர் என்ற தனிக் காவல் உண்டு.

கீலெஸ் காரில் கதவுக்கும் இன்ஜினுக்கும் ஒரே சாவிதான் பதில் சொல்கிறது, பட்டன் அழுத்தும் வேலையும் இல்லை. கைப்பிடியைத் தொட்டதும், கார் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு தாழ்ந்த அலையைச் சுற்றிலும் விடுகிறது. அது ஓரிரு மீட்டரோடு மங்கிவிடும். நம் பையில் உறங்கிக்கொண்டிருக்கும் சாவி அந்த அலை பட்டதும் விழித்து, கார் கேட்ட கேள்விக்கு ரகசிய எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டு 433 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்புகிறது. பதில் சரி என்றால் கதவு திறக்கும். கைப்பிடி, டிக்கி, இருக்கைப் பகுதி என்று பல இடங்களில் ஆன்டெனா வைத்திருப்பதால் சாவி வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்றும் காருக்குத் தெரியும்.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. சாவி பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கார் அளந்து பார்க்கவில்லை, அலை எட்டியது என்பதை வைத்து ஊகிக்கிறது. அலையைக் கடத்திக் கொண்டுபோனால் ஊகம் பொய்க்கும். சூரிக்கின் இடிஎச் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிலோன், டானெவ், சாப்குன் மூவரும் 8 நிறுவனங்களின் 10 கார்களில் இதைச் சோதித்தார்கள். காரருகே ஒரு ஆன்டெனா, சாவியருகே ஒரு ஆன்டெனா, நடுவில் சமிக்ஞையைக் கடத்தும் கருவி. பத்துக் கார்களும் திறந்தன, கிளம்பவும் செய்தன. ரகசிய எண்ணை யாரும் தொடவே இல்லை. 2011-இல் வெளியான அந்த ஆய்வின்படி சாவியிலிருந்து 8 மீட்டர்வரை தள்ளி நின்றாலே போதுமாக இருந்தது.

இந்த 8 மீட்டரை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் கார்கள் டுமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி என்று உள்வீதிகளில் ஓரங்கட்டுகின்றன. அந்த வீடுகளுக்கு முன்வாசல் இடம் கிடையாது. சுவரே தெருவில் நிற்கிறது. தரைத்தள அறையில் ஜன்னலோர மேஜைமீது கழற்றி வைத்த சாவிக்கும் தெருவில் நிற்பவனுக்கும் இடையே சில மீட்டர்கூட இருக்காது. முத்தியால்பேட்டையில் வாசலை ஒட்டிக் கார் நிறுத்தி, கதவுக்குப் பக்கத்து ஆணியில் சாவியை மாட்டுபவர்களுக்கும் இதே நிலைதான்.

மூடி இறுக்கமாக உள்ள எவர்சில்வர் டப்பாவில் சாவியை வைக்கலாம். உலோகம் அலையை மட்டுப்படுத்தும், ஆனால் டப்பாவுக்கு டப்பா மாறும். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு காரருகே போய்க் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். திறந்தால் டப்பாவை மாற்றுங்கள். சில நிமிடம் அசையாமல் கிடந்தால் தானே பேச்சை நிறுத்திக்கொள்ளும் சாவிகள் இப்போது வருகின்றன. அல்ட்ரா வைட்பேண்ட் என்ற புதிய ஏற்பாடு இன்னும் நேர்மையானது. கேள்வி போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று கார் அளக்கிறது. ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும். நடுவில் ஆள் வைத்துக் கடத்தினால் நேரம் கூடும், கார் மறுக்கும். வாங்கப்போகும் காரில் இது இருக்கிறதா என்று ஷோரூமில் கேட்டுப் பழக வேண்டும்.

கடைசியாக, எதுவும் வேலை செய்யாத நேரம். கீலெஸ் சாவிக்குள் ஒரு தகட்டுச் சாவி ஒளிந்திருக்கிறது. பக்கத்திலுள்ள சின்ன விசையைத் தள்ளினால் வெளியே வரும். அதற்கான துளை டிரைவர் கைப்பிடியில் ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கும். பயன்படுத்தாமலே வருடங்கள் போவதால் கடலோரத்தில் அந்தத் துளை உப்பு பூத்து இறுகிவிடுகிறது. மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றிச் சாவியைப் போட்டுத் திருப்புங்கள். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும், கிராஃபைட் பொடி நல்லது. சாவியின் செல் தீர்ந்திருந்தாலும், சாவியை ஸ்டார்ட் பட்டன்மீது ஒட்டிப் பிடித்தால் பெரும்பாலான கார்கள் கிளம்பும். பட்டனருகே உள்ள சுருளிலிருந்தே சாவிக்குத் தேவையான மின்சாரம் போய்விடும்.

2019 ஜூலை முதல், மின்சாரம் செத்தாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் விடுவிக்கும் வழி இந்தியாவில் தயாராகும் புதிய கார்களில் இருந்தாக வேண்டும். உங்கள் வண்டியில் அது எப்படி என்று இன்றே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் காட்டுங்கள். பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்கைப்பிடி திறக்காது. முன்சீட்டுக்குத் தாவி வரத்தான் வேண்டும். வெள்ளத்தில் மாட்டினால் தண்ணீர் கதவைப் பாதி மறைப்பதற்கு முன்பே கண்ணாடியை இறக்குங்கள். அதற்கு மேல் வெளித் தண்ணீரின் அழுத்தத்தில், பூட்டு விடுபட்டாலும் கதவை நகர்த்துவது பெரும்பாடு. குழந்தை உள்ளேயும் சாவி உள்ளேயும் மாட்டிக்கொண்டால், சித்திரை வெயிலில் மாற்றுச் சாவிக்கு ஆளனுப்பிக் காத்திருக்காதீர்கள். குழந்தைக்கு எட்டத்தில் உள்ள கண்ணாடியின் ஓரத்தில் ஓங்கி அடித்து உடைத்துவிடுங்கள்.

(தொடரும். அடுத்த வாரம்: ஏர்பேக்)