கோலில் யார் நிற்பது?

பந்து பறக்கிறது. கூட்டம் கத்துகிறது. கோட்டுக்கு வெளியே ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். காலில் பூட்ஸ் இருக்கிறது. சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

அவன்தான் மாற்று ஆட்டக்காரன்!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம். எல்லாம் தோல் தொழில் நடக்கும் ஊர்கள். கல்லூரிகளுக்கும் குறைவில்லை. வேலூர் ஊரிசு கல்லூரி 1898-ல் தோன்றியது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-ல் தோன்றியது. எந்தக் கல்லூரியானாலும் கால்பந்து அணியில் 11 பேர்தான் ஆட முடியும். மற்றவர்கள் வெளியே உட்கார வேண்டியதுதான்.

அப்பா தோல் தொழிற்சாலையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வருகிறார். மகன் களத்தில் இறங்கவே இல்லை. வீட்டுக்குப் போனால் அம்மா கேட்கிறாள்: "நீ எத்தனை கோல் போட்டாய்?"

என்ன பதில் சொல்வான்?

பி.டி. மாஸ்டரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. தோற்றால் வெளியேற வேண்டும். கெட்டிக்காரனை எப்படி உட்கார வைப்பார்? ஆனால் அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தால் கெட்டிக்காரனுக்கும் கால் வலிக்கும். அப்போது பழக்கம் இல்லாதவனை இறக்கினால் என்ன ஆகும்?

இந்தத் திண்டாட்டம் ஒரு தடவை இந்திய அணிக்கே வந்தது.

தங்கராஜுக்குக் காய்ச்சல்

1962-ம் ஆண்டு. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் பெயர் பெற்ற கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ். செகந்திராபாத்தில் ஆடிப் பழகியவர். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். மதராஸ் ரெஜிமெண்ட் அணிக்கு ஆடினார். முதலில் அவர் கோல் போடும் ஆட்டக்காரர். பிறகுதான் கோல் காக்கும் ஆட்டக்காரர் ஆனார்! ஆறடிக்கு மேல் உயரம். கையைத் தூக்கினால் பந்து தப்பாது.

அப்படிப்பட்டவருக்கு ஜகார்த்தாவில் காய்ச்சல் வந்துவிட்டது.

பதிலுக்குக் கோலில் நின்றவர் வங்காளத்து வீரர் பிரத்யுத் பர்மன். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோற்ற இந்தியா, பிறகு தாய்லாந்தை வென்றது. ஜப்பானை வென்றது. அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றது.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4-ந் தேதி. எதிரி மறுபடியும் தென்கொரியா!

பர்மனா? தங்கராஜா?

பயிற்சியாளர் ரஹீம் தங்கராஜை இறக்கினார். கொரியர்கள் பந்தை உயரத் தூக்கி அடிப்பார்கள். அதற்கு உயரமான ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. ஜர்னைல் சிங்குக்கோ தலையில் தையல். அவர் பின்வரிசை ஆட்டக்காரர். ரஹீம் அரையிறுதியிலேயே அவரை முன்வரிசைக்கு அனுப்பியிருந்தார். அங்கேயும் ஒரு கோல் போட்டார் ஜர்னைல்.

உள்ளூர்க் கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டது. ஆனாலும் 20 நிமிடத்துக்குள் இந்தியாவுக்கு 2 கோல். ஒன்று பி.கே. பானர்ஜி போட்டது. மற்றது தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் போட்டது! கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது. 2-1. தங்கப் பதக்கம் இந்தியாவுக்கு. கால்பந்தில் ஆசியத் தங்கம் அதற்குப் பிறகு இந்தியாவுக்கு வரவில்லை.

ரஹீம் செய்தது சரியா? ஜெயித்த பிறகு சரி என்பது சுலபம். பர்மனுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்? ஒன்று மட்டும் நிச்சயம். தங்கராஜ் படுத்தபோது கோலில் நிற்கப் பழகிய ஆள் தயாராக இருந்தார். அவர் இல்லாவிட்டால் இறுதி ஆட்டம் ஏது?

விதி மாறியது

அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. உலகக் கோப்பையில் 1970-ல்தான் அதற்கு அனுமதி வந்தது. அதுவும் 2 பேருக்குத்தான். பிறகு 3 ஆனது. கொரோனா காலத்தில், 2020-ல், 5 ஆனது. 2022-ல் அதுவே விதியாகிவிட்டது.

ஆகவே பி.டி. மாஸ்டருக்கு இப்போது கை கட்டிப் போடவில்லை. 3-0 என்று ஜெயித்துக்கொண்டிருக்கும்போதும் கெட்டிக்காரனையே ஓட விடுவானேன்? நாளைக்கு அவன் கால் வேண்டாமா? கடைசி 20 நிமிடம் வெளியே இருப்பவனை இறக்கலாமே!

கோட்டுக்கு வெளியே பையன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிறான். இது நாலாவது தடவை. வேலிப் பக்கம் அப்பா நிற்கிறார். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.