வலி மாத்திரை போட்டு ஓடாதீர்கள்!

மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடுவதில்லை. அதனால் விடியற்காலையில் காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்கும் இடையே ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். வீட்டுக்குத் திரும்பும்போது சிலருக்குக் குதிகால் வலிக்கும், சிலருக்கு ஆடுசதை பிடிக்கும், சிலருக்கு முழங்கால் குத்தும்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு சுமை காலில் இறங்குகிறது. தார்ச்சாலையிலேயே தினமும் ஓடினால் தசைக்கு ஓய்வு கிடைக்காது. ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதை சற்று மெத்தென்று இருக்கும்; ஆனால் வேரும் கல்லும் காலை வாரிவிடும். விழுந்து சிராய்த்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் மண் போகக் கழுவ வேண்டும். டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரைக் கேட்பது நல்லது. கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது.

சுளுக்கு என்றால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைத்துப் படுங்கள். முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் வீக்கம் கூடும். நீவினால்தான் சரியாகும் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட விதி எளியது: நான்கடி ஊன்றி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னைக் கவலைப்பட வைப்பது மாத்திரைப் பழக்கம்தான். பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் நெருங்கும்போது ஒரு நாள் பயிற்சியைக்கூட விட மனம் வராது. மெடிக்கலில் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கி, விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள். இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வையாகவே உடம்புத் தண்ணீர் வெளியேறி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். அந்த நேரத்தில் ரத்தக்குழாயை விரிய வைத்துக் காப்பாற்றும் சுரப்பைத்தான் இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. வயிற்றுப் புண்ணும் வரலாம். வலி தெரியாததால் காயத்தின் மேலேயே மீண்டும் மீண்டும் மிதித்து, ஒரு வாரத்தில் ஆறவேண்டியதை மாதக்கணக்கில் இழுத்துவிடுகிறோம்.

மருத்துவர் எழுதித் தந்தால் மாத்திரை சாப்பிடுங்கள். ஆனால் சாப்பிட்ட நாளில் ஓடாதீர்கள். மாத்திரை இல்லாமல் வலியின்றி வேகமாக நடக்க முடிகிற நாளில் மீண்டும் ஓடத் தொடங்குங்கள்.