கணிப்பொறியில் அட்டவணை போடுமுன்...

நம் வணிகப் பெருமக்களில் பலர் கடையில் கணிப்பொறி வைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பில் போடுகிறோம், வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறோம். ஆனால் நம் சரக்கும் வாடிக்கையாளர் விவரமும் அதற்குள் எந்தக் கட்டத்தில் எப்படி ஏறியிருக்கின்றன என்று பார்த்தவர்கள் குறைவு. நாங்களும் பார்க்கவில்லை. அதன் பலனை மயிலாப்பூரில் உள்ள எங்கள் மொத்தக் கடையில் அனுபவித்தோம்.

அடையாற்றில் ஒருவரும் மந்தைவெளியில் ஒருவரும் ஒரே கடைப் பெயரில் எங்களிடம் சரக்கு எடுத்து வந்தார்கள். பழைய பேரேட்டில் கணக்குப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதிவைப்பார், குழப்பமே வராது. கணிப்பொறிக்கு மாற்றியபோது கடைப் பெயரையே அடையாளமாகக் கொடுத்துவிட்டோம். இரண்டு கணக்கும் ஒன்றாகிவிட்டன. மந்தைவெளிக்காரர் பாக்கிக்கு அடையாற்றுக்காரரிடம் ஆள் அனுப்பினோம். இருபது வருடமாகத் தவணை தவறாதவர் அவர். ரசீதுகளை எடுத்து மேசையில் வைத்தார். அன்றோடு சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். காபி கொடுத்தார், ஆர்டர் கொடுக்கவில்லை.

தவறு இயந்திரத்தினுடையது அல்ல. அட்டவணையை வகுத்தவர்கள் நாங்கள்தான்.

விவரங்களை வரிசையும் பத்தியுமாக அட்டவணைகளில் வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் தனி அடையாளம் தர வேண்டும் என்ற முறையை 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த காட் என்ற கணித அறிஞர் வெளியிட்டார். இன்று பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் இதன் மேல் நிற்பவையே. ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. மென்பொருளில் அட்டவணை உருவாக்க 'அகராதி' என்றே ஒரு கருவி உண்டு. ஒரு பத்தியில் எண்ணா எழுத்தா, எத்தனை இலக்கம் என்பதை அங்கே ஒரு முறை வரையறுத்துவிட்டால் எல்லா அட்டவணைகளிலும் அதையே பயன்படுத்தலாம். அந்தக் காலத்தில் 'எத்தனை படி?' என்றால் 'பட்டணம் படியா, ஊர்ப் படியா?' என்று முதலில் கேட்போமே, அதைப் போலத்தான். அங்கே புதிய அட்டவணையை முதலில் சோதனை இடத்தில் போட்டுப் பார்த்த பிறகே நடப்புக் கணக்குக்குக் கொண்டுவருவார்கள்.

நம் ஊரிலும் இந்தத் தொழில் புதிதல்ல. அடையாற்றை அடுத்த தரமணியில் இருக்கும் ராம்கோ சிஸ்டம்ஸ் 1990களிலேயே மார்ஷல் என்ற நிறுவன மென்பொருளைத் தந்தது. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாறிய சென்னை நிறுவனம், 2006-ல் கிரியேட்டர் என்ற கருவியை வெளியிட்டது. நமக்குப் பயன்படக்கூடியது இதுதான். திரையில் ஒரு படிவம் அமைத்தால் பின்னால் அட்டவணை தானே உருவாகிறது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு பத்தியில் ஒரே விவரம் இரு முறை வரக்கூடாது என்றும் கட்டளையிடலாம். அந்த ஒரு கட்டளை வாடிக்கையாளர் எண்ணுக்கு இருந்திருந்தால் அடையாற்றுக்காரர் இன்றும் நம்மவர்!

ஆனால் பத்திகளை யோசிப்பது நம் வேலை. பருப்பு வகைக்கு எச்.எஸ்.என். குறியீடு 0713. அந்தப் பத்தியை 'எண்' என்று வகுத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் 713 ஆகிவிடும். 'எழுத்து' என்றே வகுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு எண்ணும் அப்படியே. 33 என்று தொடங்கினாலும் அதன் 15 இடங்களில் ஆங்கில எழுத்துகளும் வருகின்றனவே.

அரிசிதான் எங்களை அதிகம் படுத்தியது. 'மூட்டை' என்று ஒரே பத்தி வைத்திருந்தோம். 25 கிலோவும் ஒரு மூட்டை, 75 கிலோவும் ஒரு மூட்டை. கிட்டங்கியில் எண்ணிக்கை சரியாக இருக்கும், எடை உதைக்கும். 18-7-2022 முதல் 25 கிலோ வரையிலான, விவரச்சீட்டு ஒட்டிய சிப்பத்துக்கு 5 சதவீத வரி வந்தது. அதற்கு மேல் எடை இருந்தால் வரி இல்லை. 26 கிலோ சிப்பம் கடைகளுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு கிலோ வித்தியாசத்தில் வரி மாறும்போது எடைக்குத் தனிப் பத்தி இல்லாமல் எப்படிப் பில் போடுவது?

வரி விகிதத்தைச் சரக்கு அட்டவணையிலேயே எழுதி வைப்பதும் ஆபத்து. 22-9-2025 அன்று நெய்க்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாயிற்று. பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதியவர்கள், அதற்கு முன் விற்ற நெய் திரும்பி வந்தபோது எந்த விகிதத்தில் வரவு வைப்பது என்று பழைய பில்களைத் தேடினார்கள். விகிதத்துக்குத் தனி அட்டவணை போட்டு, 'எந்தத் தேதி முதல்' என்று ஒரு பத்தி சேர்த்தால் பழையதை அழிக்கவே வேண்டாம்.

நாங்கள் இப்போது கணக்குப்பிள்ளையுடன் உட்கார்ந்து, முதலில் காகிதத்தில் கட்டம் போட்டோம். இரண்டு மாலைகள் ஆயின. கருவியில் ஏற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பத்துப் பழைய பில்களைப் போட்டுப் பார்த்த பிறகே நடப்புக் கணக்கைத் தொடங்கினோம். இப்போது ஒவ்வொரு கடைக்கும் தனி எண் உண்டு. அடையாற்றுக் கடைக்கும் ஒன்று கொடுத்து வைத்திருக்கிறோம். அந்த எண்ணில் இன்னும் பில் ஒன்றும் ஏறவில்லை.