சுமை மிகுந்தபோது தேடுபொறி: விரைவும் பொருத்தமும்

தேடுபொறிகளை அளவிடுவோர் இரு சாரார் ஆவர். ஒரு சாரார் விரைவை நோக்குவர். மறு சாரார் விடையின் பொருத்தத்தை நோக்குவர். இரண்டும் வெவ்வேறு மரபுகளிற் பிறந்தவை. விரைவின் கணிதம் கொப்பன்ஹேகன் தொலைபேசி நிலையத்தின் நெருக்கடியை ஆராய்ந்த ஏர்லாங் என்பாரின் 1909ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது. பொருத்தத்தை அளக்கும் முறையோ 1960களில் இங்கிலாந்தின் கிறான்பீல்டிற் சிறில் கிளெவர்டன் நடத்திய சோதனைகளால் உருப்பெற்றது. 1400 ஆவணங்களும் 225 வினாக்களும், எந்த வினாவுக்கு எந்த ஆவணம் பொருந்தும் என மனிதர் முன்கூட்டியே வழங்கிய தீர்ப்புகளும் அவருடைய கருவிகளாயின. ஒரே வேளையிற் பல்லாயிரவர் தேடும்போது இவ்விரு அளவீடுகளையும் பிரித்து நடத்துவது பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும் என்பது நமது கருத்து.

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே பொழுதிற் சுட்டெண்ணை இட்டுத் தேடுவர். இங்குப் பொருத்தம் என்ற சிக்கல் எழுவதில்லை. எண்ணுக்குரிய பெறுபேறு வரும், அன்றேல் வராது. சொல்லைக் கொண்டு தேடுவது இத்தகையதன்று. அங்கே அரைகுறை விடையும் முழு விடை போலவே தோற்றமளிக்கும்.

இதன் காரணத்தைச் சிறிது விரித்து நோக்குவோம். எளிய கணிப்பின்படி, தனியொரு கணினி தன் ஆற்றலிற் பாதியளவு வேலை செய்கையில், ஒரு தேடலுக்கு ஆகும் சராசரி நேரம் வெறும் வேலை நேரத்தின் இரு மடங்காகும். 90 சதவீதத்தில் அது பத்து மடங்கு. 95இல் இருபது மடங்கு. பெரிய சுட்டிகளோ பல துண்டுகளாகப் பல கணினிகளிற் பகிரப்பட்டிருக்கும். ஒவ்வொரு கணினியும் நூற்றில் ஒரு முறை மட்டுமே ஒரு விநாடிக்கு மேல் தாமதிக்கும் எனக் கொண்டாலும், நூறு கணினிகளின் விடைக்கும் காத்திருக்கும் தேடல்களில் 63 சதவீதம் ஒரு விநாடியைக் கடந்துவிடும். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் எடுத்துக்காட்டிய கணக்கு இது.

தாமதத்தைத் தவிர்க்கப் பொறியியலாளர் காலவரம்பு விதிப்பர். எலாஸ்டிக்சர்ச் போன்ற பொறிகளில், வரம்புக்குள் திரண்ட விடைகளை மாத்திரம் அனுப்பும் ஏற்பாடு உண்டு. பத்துத் துண்டுகளில் எட்டே விடையளித்தன என்ற செய்தி நிரலுக்குத் தெரியும். தேடுபவருக்கு அதைக் காட்டுவோர் அரிது. விரைவை மட்டும் அளப்பவர் இதனை வெற்றியெனவே பதிவார்.

தமிழில் இதன் விளைவு கடுமையானது. எம்பிலிப்பிட்டிய என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். சிங்களப் பெயரான இதனைத் தமிழர் எம்பிலிபிட்டிய, எம்பிலிப்பிட்டி, எம்பிலிப்பிட்டியா எனப் பலவாறு எழுதுவர். ‘எம்பிலிப்பிட்டியவில்’, ‘எம்பிலிப்பிட்டியாவுக்கு’ என வேற்றுமை உருபும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு சொல்லைத் தேடுபவருக்காகப் பொறி பல வடிவங்களைத் தேடவேண்டும். வேலை அவ்வளவிற்குப் பெருகும். சுமை ஏறும்போது முதலிற் கைவிடத்தக்கதாக நிருவாகிக்குத் தோன்றுவது இவ்விரிவாக்கமே. இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றின் வரலாற்றைத் தேடும் மாணவிக்கு அப்போது “விடை இல்லை” என்பது நொடியில் வந்துவிடும். இல்லாதது விடையா, தேடும் உழைப்பா என்பதை அவள் எவ்வாறு அறிவாள்?

எனவே சோதனையின் அமைப்பே மாறவேண்டும். முதலில், மாவட்டத்தின் ஊர்களையும் தோட்டங்களையும் அறிந்தோர் தீர்ப்பிட்ட தமிழ் வினாத்தொகுதி ஒன்று வேண்டும். சுமையற்ற வேளையில் அதனை ஓட்டி முதற் பத்து விடைகளைப் பதியலாம். பின்னர், வேறு தேடல்களாற் சுமையைப் படிப்படியாக ஏற்றி, அதே வினாக்களை இடையிடையே செலுத்தவேண்டும். ஒரே தேடலைத் திரும்பத் திரும்ப அனுப்பினால், நினைவிற் சேமித்த விடையே வந்து பொய்யான விரைவைக் காட்டும். இன்னொரு வழுவும் பரவலாக உள்ளது: முந்தைய விடை வந்தபின்பே அடுத்த தேடலை அனுப்பும் சோதனைக் கருவி, பொறி திணறும்போது தானும் தணிந்துபோகிறது. மக்கள் அவ்வாறு காத்திருந்து வருவதில்லை. ஆகையால் விடை வந்தாலும் வராவிட்டாலும் குறித்த வேகத்தில் தேடல்களை அனுப்புதல் வேண்டும். சராசரியை மட்டும் நம்பாது, நூற்றில் மிக மெதுவான ஒன்றையும் நோக்கவேண்டும். ஒவ்வொரு சுமைநிலையிலும், தீர்ப்பிடப்பட்ட பொருத்தமான ஆவணங்களில் எத்தனை முதற் பத்தில் எஞ்சின என்பதை நேரத்தின் பக்கத்திலேயே எழுதவேண்டும். தமிழ் வினாக்களுக்கும் ஆங்கில வினாக்களுக்கும் அந்த எண்ணிக்கையைத் தனித்தனியே தருதல் இன்றியமையாதது.