செங்காற்றும் மூளையின் ஜாகாவும்

வாதம் என்னும் வடசொல்லுக்குக் காற்று என்றொரு பொருள் உண்டு. ஜொகூரிலே நம்முடன் வாழும் மலாய்க்காரர் பக்கவாதத்தை ‘அங்கின் அஹ்மார்’, அதாவது செங்காற்று என்பர். கண்ணுக்குப் புலப்படாத ஏதோவொன்று திடகாத்திரமான மனிதனை நொடிப்பொழுதில் வீழ்த்திவிடுவதைக் கண்ட இரு சமூகத்து முன்னோரும் ஒரே உபமானத்தை நாடியிருக்கின்றனர். மெய்க்காரணம் காற்றன்று, மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதோ வெடிப்பதோதான். ஆயினும், அந்தச் செம்மையை வெறும் கற்பனையென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், அடைப்புக்குப் பின் மூளைக்குள் எழும் தாபிதம் உண்மையிலேயே ஒரு தீ. அதை வளர்ப்பதிலும் பின்னர் தணிப்பதிலும் பெரும்பங்கு கொள்வது ஒரே இனத்து ஜீவாணு.

மைக்ரோகிளியா என்று அதற்கு 1919-இல் பெயரிட்டவர் ஸ்பெயின் தேசத்து பியோ டெல் ரியோ ஒர்த்தேகா. கரு உருவாகும் தொடக்கத்திலேயே கருவுணவுப் பையில் தோன்றி மூளையில் குடியேறுபவை இவை என்பதைச் சுண்டெலிகளைக் கொண்டு 2010-இல் நிரூபித்த ஆய்வின் முதல் ஆசிரியரான ஃபுளோரெண்ட் ஜின்ஹூ, நம் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரிலே ஆராய்ச்சி நடத்தியவர். 2005-இல் உயிருள்ள சுண்டெலியின் மூளையை நுண்ணோக்கியால் கண்டவர்களோ, ஓய்ந்திருப்பதாக எண்ணப்பட்ட இவ்வணுக்கள் நின்ற இடத்தில் நின்றபடியே தம் மெல்லிய கிளைகளை ஓயாது நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்ப்பதைக் கண்டனர். தோட்டத்துக் காவலாளியான ஜாகா கூட இரவில் சற்றே கண்ணயர்வதுண்டு. இந்த ஜாகாவுக்கு உறக்கமில்லை.

பெருங்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்பது 2006-இல் வெளிவந்த கணக்கு. பிராணவாயு கிட்டாது மடியும் அணுக்களிலிருந்து கசியும் இரசாயனங்களே அபாயக் குரலாக, மைக்ரோகிளியா கிளைகளைச் சுருக்கி, உருப்பருத்து, அவ்விடம் விரைந்து, தாபிதத்தைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. அதனால் இரத்தக்குழாய்ச் சுவரின் கட்டுக்கோப்பு தளர்ந்து, இரத்தத்தின் வெள்ளணுக்கள் உட்புகுந்து, வீக்கம் மிகுந்து, பிழைத்திருக்கக்கூடிய அயற்பகுதியும் நாசமாகிறது.

அப்படியாயின் இந்த அணுக்களை ஒழித்துவிட்டால் நன்மையல்லவா என்று கேட்கத் தோன்றும். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2016-இல் அவ்வாறே சுண்டெலிகளின் மூளையிலிருந்து இவற்றை நீக்கிவிட்டுப் பக்கவாதத்தை உண்டாக்கினர்; காயம் சுருங்கவில்லை, பெருகிற்று! மடிந்த அணுக்களின் எச்சத்தை விழுங்கித் துப்புரவாக்குவதும், எஞ்சிய நரம்பணுக்களின் மிகையான கிளர்ச்சியை அடக்குவதும், வளர்ச்சிக்கு உதவும் பொருள்களைச் சுரந்து புதிய இணைப்புகளுக்கு வழிசெய்வதும் இவையே. ஆகவே, இவற்றை அழிப்பதன்று, தக்க தருணத்தில் நெறிப்படுத்துவதே மருத்துவத்தின் முன்னுள்ள பணி. மினோசைக்ளின் என்னும் பழைய கிருமிக்கொல்லி விலங்குகளில் இந்தத் தாபிதத்தைத் தணித்தது; மனிதரிடத்து அதே பலன் ஐயமின்றி நிலைநாட்டப்படவில்லை.

அதற்கேற்ற மருந்து கிட்டும்வரை நம் கையில் இருப்பது காலம். குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக, அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். எண்ணெய் தேய்த்து உருவிவிட ஆள் தேடுவதில் அந்த நேரம் கழிந்துவிடுகிறது என்பதே என் தீராத வருத்தம். உயிர் தப்பியபின் உடற்பயிற்சியும் பேச்சுப்பயிற்சியும் மாதக்கணக்கில் வேண்டும். மலேசியாவில் 1996-இல் தொடங்கப்பட்ட நாசாம் என்னும் தேசியப் பக்கவாத சங்கம் அதற்கென்றே உழைத்து வருகிறது. குளுவாங்கிலோ சிகாமட்டிலோ உங்கள் வீட்டில் ஒருவருக்குத் திடீரென வாய் கோணினாலும், ஒரு கை துவண்டாலும், பேச்சு குழறினாலும், காற்று தானே இறங்கட்டும் என்று காத்திராமல் உடனே 999-ஐ அழையுங்கள்.