தபால்தலைக்குள் விழுமா பந்து?

மட்டையால் பந்தை அடித்து, தொலைவில் இருக்கும் ஒரு சிறு குழிக்குள் சேர்ப்பதுதான் கோல்ஃப் ஆட்டம். ஒரு மைதானத்தில் இப்படி 18 குழிகள் இருக்கும். 400, 500 கஜத் தொலைவில் இருப்பவையும் உண்டு. ஆனால் 123 கஜத்தில், அதாவது ஏறக்குறைய 112 மீட்டரில் இருக்கும் ஒரு குழிதான் பேர்பெற்ற ஆட்டக்காரர்களையும் அச்சுறுத்துகிறது என்றால் நம்புவீர்களா?

அது ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில், ராயல் ட்ரூன் மைதானத்தின் எட்டாவது குழி. ‘தபால்தலை’ என்பது அதன் பெயர். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை அத்தனை சிறியது! அதைச் சுற்றிலும் ஐந்து மணற்பள்ளங்கள். மூன்று அடிகளில் பந்தைக் குழியில் சேர்க்க வேண்டும் என்பது கணக்கு. புல்தரையில் உருட்ட இரண்டு அடி போனால் மிஞ்சுவது ஒன்றுதான். முதல் அடியிலேயே பந்து தபால்தலையில் இறங்கியாக வேண்டும். 1950-இல் ஹெர்மன் டிஸ்ஸீஸ் என்ற ஜெர்மானியர், பள்ளத்திலிருந்து பள்ளத்துக்குப் பந்தை அனுப்பி, 15 அடிகளில் முடித்தார்!

தூரம் குறைவுதானே, பிறகு ஏன் இந்தப் பாடு? காரணம் கடற்காற்று.

குறைந்த தூரத்துக்கு, முகம் நன்றாகச் சாய்ந்த மட்டையை எடுப்பார்கள். பந்து 25 மீட்டர் அளவுக்கு உயர்ந்து, ஏறக்குறைய ஐந்து விநாடிகள் வானில் இருக்கும். அதன் எடையோ 46 கிராமுக்கும் குறைவு. (கிரிக்கெட் பந்து இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கனம்.) தரையை ஒட்டிய காற்றை மணல்மேடுகளும் புல்லும் தடுத்து மெதுவாக்குகின்றன, உயரே அந்தத் தடை இல்லை. ஆகவே குழியில் நட்ட கொடி லேசாக அசையும்போது, மேலே பந்து பலத்த காற்றில் சிக்கியிருக்கலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பந்தின் வேகம் விநாடிக்கு 30 மீட்டர், காற்றின் வேகம் 10 மீட்டர் என்று கொள்வோம். எதிர்காற்றானால் பந்து உணரும் வேகம் 40, பின்காற்றானால் 20. காற்றின் தடை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். எனவே எதிர்காற்றில் தடை நான்கு மடங்கு!

இன்னொன்றும் உண்டு. சாய்ந்த மட்டை பந்தைப் பின்னோக்கிச் சுழல வைக்கிறது. சுழலும் பந்து, தன்னைக் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று பந்தை மேலே தள்ளுகிறது. இதுவே மாக்னஸ் விளைவு. எதிர்காற்றில் இந்தத் தள்ளலும் கூடும். பந்து மேலே மேலே ஏறி, வேகமிழந்து, மணற்பள்ளத்தில் ‘தொப்’பென்று விழும். பலமாக அடித்தாலும் பயனில்லை. சுழற்சியும் அல்லவா கூடிவிடுகிறது!

அனுபவசாலிகள் சாய்வு குறைந்த மட்டையை எடுத்து, அடக்கி அடிப்பார்கள். பந்து தாழ்வாக, அதிகம் சுழலாமல் செல்லும். 1932-இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்ற அமெரிக்கர் ஜீன் சாரசென், 1973-இல், தமது 71-ஆம் வயதில், அதே போட்டிக்காக இங்கே ஆட வந்தார். எதிர்காற்றில், ஐந்தாம் எண் இரும்பு மட்டையால் அடித்தார். பந்து ஒரே அடியில் குழிக்குள்! மறுநாள் முதல் அடி மணற்பள்ளத்தில் விழுந்தது. அங்கிருந்து அடித்த அடுத்த அடி நேரே குழிக்குள். இரண்டு நாளும் சேர்த்து மூன்றே அடிகள். புல்தரையில் பந்தை உருட்டும் மட்டைக்கு இந்தக் குழியில் அவர் வேலையே கொடுக்கவில்லை.